கைதட்டி

விடிவதற்கு முன்பே அந்தச் சலவைக்கூடத்துக்கு வியர்த்துவிடும். பாய்லர்காரர் நீராவியைத் திறந்துவிட்டதும் குழாய்கள் கடகடவென்று அதிரும். இரண்டு பெரிய ரோலர்களும் மெல்லச் சுற்றத் தொடங்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் துவைத்த ஈரத்தோடு தள்ளுவண்டிகளில் குவிந்து நிற்கும். ஒரு ரோலருக்கு இரண்டு பெண்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, விளிம்பை நேராக்கி, சுற்றிக்கொண்டிருக்கும் ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, விறைத்து, கை வைக்க முடியாத சூட்டோடு வெளியே வரும். மற்றப் பெண்கள் அதை மடித்து அடுக்குவார்கள். பிளீச்சிங் நெடி மூக்கை அரிக்கும். மதியத்துக்குள் விரல்நுனித் தோல் ஊறி வெளுத்துப்போகும்.

முதல் ரோலரில் நெட்டையும் அவள் நாத்தனாரும். நெட்டை பேருக்கேற்ற நெட்டைதான். எவ்வளவு பெரிய விரிப்பானாலும் தரையில் படாமல் தூக்கிவிடுவாள். சூப்பர்வைசருக்குக் 'கைதட்டி' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

முன்பெல்லாம் அவனும் மற்ற சூப்பர்வைசர்களைப்போலக் கத்திக்கொண்டுதான் இருந்தான். பிறகு முதலாளி அவனை ஒரு பெரிய ஓட்டலில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார். நல்ல தலைவனாவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திட்டாதே, பாராட்டு என்றார்கள். அது அவன் மனதில் பதிந்துவிட்டது. அவன் உண்மையிலேயே நல்லவனாக ஆசைப்பட்டான். இந்தக் கதையில் வயிற்றெரிச்சலே அதுதான்.

அன்றிலிருந்து காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் கூட்டுவான். முந்தின நாள் அதிக விரிப்பு தேய்த்தவர்களை முன்னால் அழைத்து, தானே முதலில் கைதட்டுவான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் பாராட்டு யாருக்குக் கசக்கும்? வீட்டிலோ வெளியிலோ அவர்கள் வேலையை அதுவரை யாரும் நன்றாக இருக்கிறதென்று சொன்னதில்லை. சில நாளிலேயே போட்டி பற்றிக்கொண்டது.

"என்ன அண்ணி, இன்னிக்கும் நமக்குத்தானா?" என்பாள் நாத்தனார்.

"வேற யாருக்கு? அவரு கை காய்ச்சுப்போற வரைக்கும் தட்டட்டும்," என்பாள் நெட்டை.

கைதட்டி அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு முதலாளியிடம் கொண்டுபோனான். முதலாளி பாராட்டவில்லை. "இவ்வளவு முடியும்னா இத்தன நாளா ஏன் முடியல?" என்று கேட்டார். அடுத்த வாரம் நெட்டையின் எண்ணிக்கையே எல்லோருக்குமான அளவு ஆயிற்று. எட்டாதவர்களுக்கு அரைநாள் கூலி பிடித்தம். கைதட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டதும் பேசாமல் வெளியே வந்துவிட்டான்.

ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் பட்டால் ரோலர் நின்றுவிடும். விரிப்பின் தடித்த விளிம்பு பட்டாலும் நின்றுவிடும். மறுபடி ஓடவைப்பதற்குள் நாலு விரிப்பு போச்சு. ஒருநாள் குறைந்தாலும் கூலி போகும் என்றானதும் நெட்டை ஒரு கிழிசல் துணியால் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டினாள். கைதட்டி பார்த்தான். பார்த்தும் பார்க்காதவன்போல நகர்ந்தான். மறுநாள் அவளை முன்னால் அழைத்துக் கைதட்டவும் செய்தான்.

ஒருநாள் நெட்டையின் கை ரோலருக்குள் போய்விட்டது.

விளிம்பு மடங்கியதென்று நிமிர்த்தப் போனாள், அவ்வளவுதான். நாத்தனார் போட்ட சத்தத்தில் பாய்லர்காரர் ஓடிவந்து நீராவியை அடைத்தார். கைதட்டி மின்சாரத்தை நிறுத்தினான். வெளியே எடுத்தபோது வலது கை முழங்கைவரை வெந்துபோயிருந்தது. "ரோலர நிறுத்தாதீங்க, அளவு போயிடும்," என்று நெட்டை பிதற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு கைதட்டியின் காதைவிட்டுப் போகவே இல்லை.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. கம்பியக் கட்டினது அவதானே?"

"ஆமா சார்."

"அதையே சொல்லு. உனக்குத் தெரியாமக் கட்டிட்டா, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலையில விழாது. அவளையும் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

"சார், எனக்கு..."

"உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"நீ நல்லா வருவ தம்பி. தலைவனா இருக்கறவன் மனசக் கொஞ்சம் கல்லாக்கிக்கணும்."

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "யார் மேல கோவம்?" என்று மனைவி கேட்டாள். "என் மேலதான்," என்றான். அவளுக்கு அது விளங்கவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. கத்திக்கொண்டிருந்த காலத்தில்கூட அவன் யாருக்கும் இவ்வளவு கெடுதல் செய்ததில்லை.

மறுநாள் காலையில் அவன் போனபோது குழாய்கள் அதிரவில்லை. பாய்லர்காரர் நீராவியைத் திறக்காமல் கை கட்டி நின்றார். பெண்கள் இரண்டு ரோலர்களுக்கும் முன்னால் நெருக்கி நின்றார்கள். முதலாளி விறுவிறுவென்று வந்தார்.

"என்ன வேடிக்கை இது? ரோலரப் போடச் சொல்லுடா."

"அவரு சொன்னாலும் ஓடாது மொதலாளி," என்றாள் நாத்தனார். "ரெண்டு கம்பியும் சரியா வேல செய்யணும். பழைய அளவு வரணும். அண்ணியோட வைத்தியச் செலவும், அவ படுத்திருக்கற நாளுக்குக் கூலியும் நீங்க தரணும். குணமானதும் அவளுக்கு இங்க வேல இருக்கணும்."

"கம்பியக் கட்டினது உங்கண்ணி. அவ திமிருக்கு நான் தண்டம் அழணுமா?"

"கட்டாம உங்க அளவ நீங்களே எடுத்துக் காட்டுங்களேன். இந்த முனைய நான் புடிக்கறேன், அந்த முனைய நீங்க புடிங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது.

"சூப்பர்வைசருக்கே தெரியாமக் கட்டியிருக்கா. சொல்லுடா நீ."

எல்லோரும் கைதட்டியைப் பார்த்தார்கள்.

"தெரியும் சார்," என்றான். "நான் பாத்தேன். பாத்துட்டு, மறுநாள் அவங்களப் பாராட்டவும் செஞ்சேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் இதத்தான் சொல்வேன்."

"வேல வேணாமா உனக்கு?"

"வேணும் சார்."

முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். "மதியத்துக்குள்ள ஓடலன்னா வேற ஆளுங்க வருவாங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று கைதட்டி எதிர்பார்த்தான். வெட்கக்கேடுதான், ஆனாலும் எதிர்பார்த்தான்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா எங்கண்ணி கை நல்லா இருந்திருக்கும்," என்றாள் நாத்தனார்.

"ஆமாக்கா. நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

அவர்களிடம் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் பதிலை அவனே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தான். வாசலில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். முதலாளியின் ஆட்கள் வந்தால் முதல் அடி தன்மேல் விழ வேண்டும். அப்படி விழுந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

"நாங்க வாசல்ல உக்காரப்போறோம்," என்றாள் அவள். "ஒரு வண்டியும் உள்ள வராது, வெளிய போகாது. ஆனா அங்க அண்ணி தனியாக் கெடக்கறா. ஊட்டிவிடணும், தண்ணி குடுக்கணும். ஒத்தக் கையால அவளால ஒண்ணும் செய்ய முடியல. நேத்துல இருந்து அவளப் பாக்கப் போகாதது நீங்க ஒருத்தர்தான். நீங்க போங்க."

கைதட்டிக்கு முதலாளியை எதிர்த்துப் பேசியது இதைவிடச் சுலபமாக இருந்தது.

"நான் இங்க உக்காரறேன்க்கா. அங்க வேற யாராச்சும்..."

"முன்னால நிக்க எங்ககிட்ட ஆள் இருக்கு சார்."

"என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"வார்டு வாசல்ல நில்லுங்க. கூப்பிடற வரைக்கும் நில்லுங்க. இன்ஸ்பெக்டர் வந்தா சொல்லி அனுப்பறோம், அப்ப வந்து பேசுங்க."

பாய்லர்காரர் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "எனக்குப் பசிக்காது. சூடு ஆறுறதுக்குள்ள போப்பா."

பெண்கள் வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். விரிப்பு ஏற்ற வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டார். கேட்டுவிட்டு எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவர்களும் சேதி கேள்விப்பட்டு முன்கூட்டியே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்கள். தூக்கோடு வந்த கைதட்டிக்கு அவர்கள் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்கள். நெட்டையிடம் முதலில் என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தெருப்பக்கம் திரும்பி வேகமாக நடந்தான்.