வாய்க்காலுக்கு அந்தப்புறம் கல்யாணம்

காக்கிநாடா பக்கம் பதினாலு வயதுக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் வெள்ளைக்காரச் சட்டப்படி சிறை. வாய்க்காலைத் தாண்டி ஏனாமுக்குள் போய்விட்டால் அது பிரெஞ்சுக்காரன் சீமை, கேட்க நாதியில்லை. இதற்காகவேதான் கடல் கடந்து வந்து அந்தத் துண்டு நிலத்தைப் பிடித்தானோ என்னவோ, முகூர்த்த நாளில் அங்கே பந்தல் போட இடம் கிடைக்காது.

சோமயாஜுலு தன் பதினொரு வயது மகள் மாணிக்யத்தை அங்கேதான் கூட்டிப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம். மனைவி சீதாரத்னத்திடம் அன்னவரம் கோயிலுக்கு என்று புளுகியிருந்தார். மூத்தவளையும் இப்படித்தான் கட்டிக்கொடுத்து, பதிமூன்று வயதில் பிரசவத்தில் வாரிக்கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் சீதாரத்னத்துக்கு இன்னும் ஆறவில்லை. சேதி காதில் விழுந்ததும் கான்ஸ்டபிள் அப்பலநாயுடுவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

வாய்க்கால் பாலத்தில் அவன் நின்றுவிட்டான்.

“இதுக்கு மேல கால வெச்சா என் வேலை போயிடும்மா.”

எதிர்க்கரைப் பந்தலிலிருந்து சோமயாஜுலு சிரித்தார். “தொப்பியக் கழட்டிட்டு வா நாயுடு. ரெண்டு காஜா தின்னுட்டுப் போ.”

சீதாரத்னம் மட்டும் தாண்டினாள். பெண்ணைப் பெற்றவளை யார் தடுப்பார்கள்?

“வந்துட்டியா? வாயை மூடிக்கிட்டுத் தாரை வார்க்க நில்லு.”

“மூத்தவள முழுங்கினது போதாதா உங்களுக்கு?”

“அது அவ தலையெழுத்து.”

சீதாரத்னம் விறுவிறுவென்று உள்ளே போனாள். பந்தலுக்குப் பின்னால் கௌரி பூஜையில் உட்கார்ந்திருந்த மாணிக்யத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து ஓடினாள். மாப்பிள்ளை வீட்டார் கூச்சல் போட்டார்கள். சோமயாஜுலு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துரத்தினார். அதற்குள் தாயும் மகளும் பாலத்தைக் கடந்திருந்தார்கள்.

அப்பலநாயுடு தடியை ஊன்றிக்கொண்டு வழிமறித்தான். “வாங்க சாமி. தாலியையும் கையோட எடுத்துட்டு வாங்க. எனக்குச் சாட்சி தேடுற வேலை மிச்சம்.”

சோமயாஜுலு அந்தக் கோடியிலேயே நின்று கத்தினார். “என் வாசப்படி மிதிக்காத. இன்னியோட உன்னைத் தலை முழுகிட்டேன்.”

“முழுகுங்க. வாய்க்கால்ல தண்ணி நெறையத்தான் ஓடுது.”

சொல்லிவிட்டாளே தவிர, அண்ணன் வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பது அவளுக்கே தெரியாது. மாணிக்யம் திமிறினாள்.

“விடும்மா. ஒட்டியாணம் போடறேன்னாங்க. எல்லாத்தையும் கெடுத்துட்ட. நீ எனக்கு அம்மாவே இல்ல.”

அப்படியே குனிந்து தாயின் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

“கடிடி, நல்லாக் கடி,” என்று சொல்லிக்கொண்டே சீதாரத்னம் அவளை நீலபல்லி ரோட்டில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.