டேங்க் தின்ற இடம்

துபாயில் கப்பல் இன்ஜின் மெக்கானிக்காக இருந்த நசீருக்குத் தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் மடையர்கள். லீவில் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே பேச்சு.

"எங்க மொதலாளி சரியான கேணப்பய. சரக்குக் கப்பலை டீசல், கேஸு ரெண்டுலயும் ஓடுற மாதிரி மாத்துனான். கேஸ் டேங்க் பாதி சரக்கு எடத்த அடைச்சுக்கிச்சு. எண்ணெயில மிச்சம் புடிச்சது சரக்கு வாடகையில போச்சு!"

மனைவி பெனாசிருக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று திருச்சியில் கல்யாணம். பெட்ரோல் செலவைக் குறைக்கக் கணவன் கேஸுக்கு மாற்றியிருந்த ஆம்னி வேனின் பின்கதவைத் திறந்தாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அவளுடைய சமையல் சிலிண்டரை அங்கே படுக்க வைத்திருந்தான்.

"புள்ளைங்க எங்கங்க உக்காரும்?"

நசீர் சிலிண்டரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திப் பார்த்தான்.

"உங்க மொதலாளி சரக்கத்தான் எறக்கி வுட்டாரு. நீங்க புள்ளைங்களயே எறக்கிட்டீங்க" என்றவள், பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.