கீறல் இல்லாத முத்திரை

ஒரு காலத்தில் கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு நாடுகள், இப்போது ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சம்பந்திகளைப் போல வந்து போய்க்கொண்டிருந்தன. உன் அணுமின் நிலையத்தை நான் சோதிக்கிறேன், என்னுடையதை நீ சோதி. இருவரும் மின்சாரம்தான் எடுக்கிறோம், குண்டு செய்யவில்லை என்று தெரிந்தால் போதும். அடுத்து எல்லைச் சாவடியையே எடுத்துவிடலாம் என்று பேச்சு. நல்ல காரியம்தான். ஆனால் அண்டை நாட்டு நிலையத்தைச் சோதிக்கப் போயிருந்த நம் அதிகாரிக்கு வயிறு எரிந்தது.

காரணம் அவர் மனைவி. அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அந்த நாட்டு அதிகாரி நல்ல உயரம். நம்மவர் மனதுக்குள் வைத்த பெயர் கொக்கு. கொக்கு தம் மொழியில் நீளமாக எதையோ சொல்வார். இவள் களுக்கென்று சிரிப்பாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "எல்லாம் சரியா இருக்காம்" என்பாள். அவ்வளவு பேச்சுக்கு மூன்றே வார்த்தையா? வீட்டில் இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்து மனிதர் வெந்துபோனார்.

எரிபொருள் கிடங்கில் ஒவ்வொரு பெட்டியின் பூட்டிலும் உலோக முத்திரை இருக்கும்; யாராவது பெட்டியைத் திறந்திருந்தால் அதில் கீறல் விழுந்திருக்கும். இரண்டு அதிகாரிகளும் டார்ச் அடித்துப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். ஒருவர் "சந்தேகம்" என்றால், காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்; முதல் பெட்டியிலிருந்து சோதனை மறுபடி தொடங்கும். ஒப்பந்தமே ஆட்டம் கண்டுவிடும் என்று பயந்து இதுவரை யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை.

கடைசி வரிசையில் கொக்கு குனிந்து ஏதோ சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. இருவரும் சேர்ந்தே குனிந்து எடுத்தார்கள்.

"சந்தேகம்!" என்றார் கணவர். "முத்திரைல கீறல் இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். கீறலுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ஆனாலும் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாள். கொக்கின் முகம் வெளுத்தது. அவர் மெதுவாகப் பேசினார். இந்த முறை அவள் எதையும் சுருக்கவில்லை.

"நாங்க பெட்டியத் திறந்திருக்கோம்னு சொல்றீங்க. எங்க நாட்டையே திருடன்னு சொல்றீங்க. உங்க கண்ணு தப்பாப் பாக்காதுன்னு எங்க ஆளுங்ககிட்ட நான் பெருமையா சொல்லிட்டிருந்தேன். மறுபடி பாத்துடலாம்... இப்படிச் சொல்றாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இது நான் சொல்றது. கீறல் இல்ல. உங்களுக்கே தெரியும்."

கணவர் டார்ச்சை அணைத்தார். தன் வயிற்றெரிச்சலுக்காக இரண்டு நாட்டையும் பழையபடி முட்டிக்கொள்ள விடுவதா?

"கீறல் இல்ல," என்றார். "என் பொண்டாட்டி உங்ககூட சிரிச்சா. எனக்குப் பொறுக்கல. அதான் பொய் சொன்னேன். சொல்லு அவர்கிட்ட."

அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

ஒப்பந்தம் தப்பித்தது. அவர் தப்பவில்லை. பொய் சொன்னவருக்கு அங்கே இனி வேலையில்லை. ஒருமுறை சந்தேகம் என்று சொல்லிவிட்டால் மறுசோதனையைத் தவிர்க்கவும் வழியில்லை. புது அதிகாரி வருவார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் அவளேதான்.

மாலையில் எல்லைக்குப் போகும் பேருந்தருகே பெட்டியோடு நின்றார். அவள் வழியனுப்ப வந்தாள். நிலையத்து வாசலில் கொக்கு அவளுக்காகக் காத்திருந்தார்.

"நான் வர இன்னும் ஒரு வாரமாகும். சாப்பிடாம கிடக்காதீங்க," என்றாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் கிடங்கை விட்டு வந்ததிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார். படியில் ஏறியவர் திரும்பினார்.

"அந்தாளு அப்படி என்னதான் சொன்னாரு?"

அவள் அவரையே பார்த்தாள்.

"இன்னும் அதுதானா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, வாசலை நோக்கி நடந்தாள்.