திட்டம் வெளியான வாரம்

அலுவலக வேலைகளைப் பங்கிட்டு நடத்தும் அந்த மென்பொருளில் ‘திட்டம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வெளி’ என்று மாற்றிய வாரத்தில், நான்காம் மாடி ஒரு வயல்வெளி அளவுக்கு விரிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் பழைய கட்டடம்தான், பக்கத்து வங்கியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளே மட்டும் நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே காற்று வீசியது. கணக்குப் பிரிவுக்காரர் சைக்கிளை லிப்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

டெஸ்டர் அக்காவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பிறர் எழுதும் மென்பொருளில் ஓட்டை தேடுவது அவர் தொழில். அந்த மென்பொருள் ஒரு சொல்லை மாற்றினால் அலுவலகம் சொன்னபடி கேட்கும் என்பதை அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்து வருகிறார். அப்போதெல்லாம் வேலைக்குப் பெயர் வேலைதான். சாயங்காலம் முடியும், வீட்டுக்குப் போவார்கள். பிறகு ஒரு அப்டேட்டில் வேலைக்குக் ‘கதை’ என்று பேர் வைத்தார்கள். அன்று முதல் யாராலும் ஒரு வேலையைச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை, ஆதியோடந்தமாகத்தான் சொல்ல வந்தது. பக்கத்து இருக்கைப் புரோகிராமருக்கு ஆமை என்று பட்டப்பெயர். தட்டச்சும் மெதுவாக, சாப்பாடும் மெதுவாக. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னால், மறந்தது யார், எதனால் மறந்தார், வீட்டில் யார் காத்திருக்கிறார் என்று இருவரும் பேசிப் பேசி டீயை ஆறவிட்டார்கள். அந்த வருடங்களில் அக்கா ஞாயிற்றுக்கிழமையைச் சபித்தார். “ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?” என்று மேனேஜர் குறும்பாகக் கேட்பார். “கதையைத்தான் பேசுறோம் சார்” என்று சொல்லும்போது அக்காவுக்குக் காது சிவக்கும்.

அதற்கடுத்த அப்டேட் கதையைப் ‘பிரச்சினை’ ஆக்கியது. அதே வாரம் கூரை ஒழுகியது, மேனேஜருக்குப் பல்வலி வந்தது, ஒருநாளும் குரல் உயர்த்தாத இருவருக்கும் முட்டிக்கொண்டது. பிழை இருக்கிறது என்றார் அக்கா. “என் பக்கம் சரியாத்தான் இருக்கு” என்றார் ஆமை. “அப்ப எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று அக்கா கேட்டுவிட்டார். சொல்லியிருக்க வேண்டாம். ஆமை தன் சாமான்களை எடுத்துக்கொண்டு மூலை ஜன்னலுக்குப் போனார். நடுவில் பத்தடி. அந்தப் பத்தடியை இருவரும் கடக்கவில்லை, வருடங்கள் கடந்தன. பெண் பார்க்க வந்தவர்களை அக்கா நோண்டி நோண்டிக் கேள்வி கேட்டே விரட்டினார். ஆமைக்கு அம்மா தவறிப்போனார், முடி நரைத்தது. இரண்டையும் அக்கா தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டார்.

இப்போது ‘வெளி’ வந்து அந்த மூலை தூரத்தில் கடுகாகச் சிறுத்துவிட்டது. இன்னொரு சொல்லை மாற்றினால் ஆள் கண்ணிலேயே படமாட்டார் என்று அக்காவுக்குத் தோன்றியது. மறுநாள் காலை பிளாஸ்க்கில் டீ நிரப்பிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பளத்தின் மேல் நடக்கத் தொடங்கினார். பழைய பிரிண்டரைத் தாண்டினார், யாரோ விட்டுப்போன குடையைத் தாண்டினார், தொலைபேசி மணிகள் பின்னால் தேய்ந்தன. வெயில் உச்சிக்கு வந்தபோது எதிரே ஒருவர் சாப்பாட்டுப் பையோடு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் அக்கா, மூச்சு வாங்க.

“உங்ககிட்டதான். நேத்தே கிளம்பிட்டேன்.”

“நேத்தேவா!”

“என் நடைதான் உங்களுக்குத் தெரியுமே.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. ஆமை பையைக் கீழே வைத்துக் கைக்குட்டையை விரித்தார். “உட்காருங்க, கால் வலிக்கும்.” பிளாஸ்க்கில் டீ இன்னும் சூடாக இருந்தது. அன்று யாரும் வேலை பார்க்கவில்லை, யாரும் தேடவும் இல்லை.

அந்த இடத்துக்கே இருவர் மேஜைகளையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வருடம் திரும்புமுன் கல்யாணம் நடந்தது, மேனேஜர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். பிறகும் சில சொற்கள் மாறின, சில மரங்கள் முளைத்தன. புதிதாகச் சேர்பவர்களிடம் வரவேற்பறைப் பெண் அடையாள அட்டையைக் கொடுத்து, நாளையிலிருந்து நடக்கத் தோதான செருப்பாகப் போட்டு வரும்படி சொல்கிறாள், மழைக்காலமென்றால் குடையும்.