பொத்தானில் இருந்த மன்னிப்பு

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை மைக்கிலேயே ஒரு பயணியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மேலதிகாரி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பொத்தான்தான். பொத்தானுக்கு ஒரு வாசகம், எல்லாம் எப்போதோ பதிவு செய்தது. அமுக்கி அமுக்கி ஒட்டவைத்து அறிவிக்க வேண்டும். வேலை நேரத்தில் அறையை விட்டு வெளியே போகவும் கூடாது.

அந்தக் குரல் யாருடையது என்கிறீர்கள்? அவர் பெண்டாட்டியுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அங்கேதான் வேலை பார்த்தாள். 'வருந்துகிறோம்' என்று அவள் பதிவு செய்யும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் மூஞ்சியைக் கோணிக் காட்ட, அவள் சிரிப்பை விழுங்கினாள். காது கொடுத்துக் கேட்டால் அந்தச் சிரிப்பு இன்னும் அந்த வார்த்தைக்குள் இருக்கும்.

நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர் சும்மா இருந்தாரா?

"நாள் பூரா உன் குரலைத்தான் கேட்கறேன். வீட்லயாவது வாயை மூடேன்" என்று சொல்லித் தொலைத்தார்.

மூடிக்கொண்டாள். இன்றைக்குப் பெட்டியோடு இரண்டாவது நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா வீட்டுக்குப் போக. இவர் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. மாடி அறைக் கண்ணாடி வழியாக மனுஷன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனால் லேசில் திரும்புகிறவள் இல்லை.

'போகாதே' என்று ஒரு பொத்தான் வைக்க எவனுக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

"செல்லும்... ரத்து செய்யப்படுகிறது" என்று அமுக்கினார். எது ரத்து என்று தெரியாமல் சனம் அங்கும் இங்கும் ஓடியது. அவள் அசையவில்லை.

"இரண்டாவது நடைமேடை... உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று அமுக்கினார். என் உடைமையே நீதானே என்று அவருக்கு அர்த்தம். ஒரு வழுக்கைத்தலைக்காரர் தன் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வண்டி வந்து நின்றது. அவள் எழுந்தாள். இவர் ஒரே பொத்தானை விடாமல் அமுக்கினார்.

"வருந்துகிறோம். வருந்துகிறோம். வருந்துகிறோம்."

விழுங்கின சிரிப்பு நிலையம் முழுக்கக் கேட்டது. விவரம் தெரியாமல், என்னமோ பெரிய துக்கம் என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

அவள் வண்டிப் படியில் வைத்த காலை எடுத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்து அறைக் கதவைத் தள்ளினாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் மன்னிப்பு கேட்டிருக்கீங்க. அதையும் நானே சொல்ல வேண்டியதாப் போச்சு. உங்க வாயை என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "பயணிகளின் கனிவான" என்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பு என் மேலதான். நீ பேசும்மா. வீட்லயும் பேசு."

அன்றைக்கு விழுங்கினதை அவள் இப்போது வாய்விட்டுச் சிரித்துத் தீர்த்தாள். கீழே வண்டி கிளம்பிவிட்டது. அது எந்த வண்டி என்று சொல்ல ஆளில்லை.