இரண்டு பேனா

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏண்டி, லீவுக்குக் குடுத்த நோட்டு என்னாச்சு?"

பெரியவள் காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறையில் ஒரே வேலைதான். ஓர் அவரை விதையை நட்டு, முப்பது நாள் தினமும் செடியை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பக்கத்திலேயே, அன்று என்ன பார்த்தாய் என்று ஒரு வரி. பிள்ளைகள் செய்தால் அரை நிமிஷ வேலை. பெற்றோர் செய்தால் ஒரே ராத்திரியில் முடிகிற வேலை என்று ஊரே கண்டுபிடித்து வைத்திருந்தது.

அப்பா நோட்டை வாங்கிப் பிரித்தார். முதல் பக்கம் முழுக்க பெரியவளின் கோணல் எழுத்து. "ஏழாம் நாள். நாலு செ.மீ. இலை மடங்கி இருந்தது. நாளைக்குத் திறக்குமா?" அப்புறம், "ஒன்பதாம் நாள். செடி சாய்ந்துவிட்டது. வேர் அழுகல் வாடை. நான் தினமும் மூன்று தடவை தண்ணீர் ஊற்றினேன். அதனாலா?" அதற்குப் பிறகு வெறும் தாள்.

"செத்துப் போச்சுப்பா," என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

"செத்த செடிக்கு எவன்டி மார்க் போடுவான்?" என்று சிரித்தார் அப்பா. "இங்க வா. இதெல்லாம் ஒரு விஷயமா?"

அப்பாவுக்கு அது உண்மையிலேயே ஒரு விஷயம் இல்லை. அவர் பால் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவர். கிடங்கு அறையின் குளிர் எத்தனை டிகிரி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து, ரெஜிஸ்டரில் கட்டம் கட்டமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் பால் கெட ஆரம்பித்துவிடும். அதற்கெல்லாம் யார் எழுந்து போவது? ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார். எப்போது புரட்டினாலும் நாலு, நாலு, நாலேகால், நாலு என்றே இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே "நாலு டிகிரி". பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பெரியவள் எழுதிய பக்கத்தைச் சர்ரென்று கிழித்தார். இரண்டு பேனாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

"ஒரே பேனாவுல எழுதினா ஒரே நாள்ல எழுதினதுன்னு காட்டிக் குடுத்துடும். ரெண்டு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. தினமும் ஒரே அளவு வளரக் கூடாது, சந்தேகம் வரும். ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் நிறைய. நடுவுல ஒரு எடத்துல தண்ணி ஒரு சொட்டு விட்டுக்கோ. செடிக்கு ஊத்தும்போது பட்டுச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

"மிஸ் கண்டுபிடிச்சிட்டா?"

"யாரு சரிபாக்கப் போறாங்க? கட்டம் ரொம்பியிருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க."

அம்மா கை துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அவ எழுத வேண்டியத நீங்க ஏங்க சொல்லிக் குடுக்குறீங்க?"

"அடுத்த வீட்டுப் பையனுக்குக் கம்ப்யூட்டர் சென்டர்ல கலர்ல பிரிண்ட் போட்டே குடுத்துட்டாங்க. நம்ம பொண்ணு கையாலயாவது எழுதுறா. சும்மா இரு."

அம்மாவும் சும்மா இருந்துவிட்டாள். செத்த செடி மளமளவென்று முப்பது நாள் வளர்ந்தது, கடைசி நாளில் ஒரு பூவும் பூத்தது. பூ, பெரியவளே சேர்த்தது. "அடி என் ராஜாத்தி!" என்று அப்பா அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார். வேலை, தூக்கம் என்று எப்போதும் அலுத்துக் கிடக்கிற அப்பா தன்னோடு இவ்வளவு நேரம் உட்கார்ந்தது பெரியவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாளே சின்னவளுக்கு ஜுரம் வந்தது. மூன்று வயதுக் குழந்தை. போன வருஷம் ஒரு தடவை ஜுரம் ஏறி வலிப்பு வந்தவள். தெருமுனை டாக்டரம்மா அதை மறக்கவில்லை.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜுரம் பாத்து இந்தச் சீட்டுல எழுதுங்க. நூத்தி ரெண்டைத் தொட்டா ஒரு நிமிஷம்கூட வெச்சிருக்காதீங்க, தூக்கிட்டு வாங்க. எனக்கு நம்பர்தான் முக்கியம்."

முதல் நாள் அம்மா லீவு போட்டுக் கூடவே இருந்தாள். இரண்டாம் நாள் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்தவர் கண்கள் செருகச் செருகப் பெரியவளைக் கூப்பிட்டார்.

"எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு. மணியடிச்ச மாதிரி பாத்து எழுதிடு. ஏறினா என்னை எழுப்பு. சரியா?"

"சரிப்பா."

பக்கத்து அறையில் போய் விழுந்தவர்தான். கண் விழித்தபோது மணி மூன்றே முக்கால். எழுந்து வந்து முதலில் சீட்டைத்தான் பார்த்தார். எட்டு மணிக்குத் தொண்ணூற்றொன்பது. பத்துக்குத் தொண்ணூற்றொன்பதரை. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றொன்பது. இரண்டுக்கு நூறு. பரவாயில்லையே, நம்ம பொண்ணு பொறுப்பாய்ப் பார்த்திருக்கிறாளே என்று மனசு குளிர்ந்தது.

அதற்குக் கீழேயும் இரண்டு கட்டம் நிரம்பியிருந்தது. நாலு மணி, தொண்ணூற்றொன்பதரை. ஆறு மணி, தொண்ணூற்றொன்பது.

சுவர்க் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். மூன்றே முக்கால்தான். சீட்டைத் திரும்பப் பார்த்தார். இரண்டு வரி நீலம், ஒரு வரி கறுப்பு. மறுபடி இரண்டு நீலம், ஒரு கறுப்பு. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு தண்ணீர்.

சின்னவளைத் தொட்டார். கை சுட்டது. கூப்பிட்டதற்கு அவள் கண் திறக்கவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் திணித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினார். பெரியவள் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பாதி வழியிலேயே அவர் மடியில் குழந்தையின் கைகால்கள் விறைத்து வெட்டி இழுக்க ஆரம்பித்தன. பெரியவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா ஓடி வந்து குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தார். ஊசி போட்டார், துணியெல்லாம் களைந்தார், பக்கத்திலேயே நின்றார். அரை மணி நேரம் கழித்துக் குழந்தை நெளிந்து அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அப்பாவுக்கு மூச்சு வந்தது. அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கம்பெனியிலிருந்து நேரே ஓடி வந்து சேர்ந்தாள்.

அப்புறம் டாக்டரம்மா சீட்டைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு மணிக்கு நூறு. இங்க வரும்போது நூத்தி நாலு. அப்ப இது ரெண்டு மணி நேரத்துல ஏறின ஜுரம்னு நினைச்சு நான் வைத்தியம் பண்ணணுமா, இல்ல காலைலேருந்தே ஏறிக் கிடந்துச்சுன்னு நினைக்கணுமா?" சீட்டைத் திருப்பிக் காட்டினார். "இன்னும் ஆறு மணியே ஆகல. யாரு எழுதினது?"

பெரியவள் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் டாக்டரம்மா முன்னால், நர்ஸ் முன்னால், கட்டிய மனைவி முன்னால் வாய் எழவில்லை.

"சின்னப் பொண்ணு டாக்டர். விளையாட்டுத்தனம்," என்றார்.

பெரியவள் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை ஓங்கி அறைந்திருந்தால்கூட அவருக்கு இத்தனை வெட்கம் வந்திருக்காது.

அன்று மாலை வீட்டில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எட்டு மணிக்கு நிஜமாவே பாத்தேம்ப்பா," என்றாள் அவளாகவே. "பத்து மணிக்கு பாப்பா அழுதுட்டே தர்மாமீட்டரத் தட்டிவிட்டா. அப்புறம் தூங்கிட்டா, எழுப்ப மனசு வரல. டிவில படம் போட்டாங்க. கட்டம் ரொம்பியிருந்தா போதும்னு நீங்க சொன்னீங்கல்ல? நீங்க சொன்ன மாதிரியேதான் எழுதினேன். பாப்பாவுக்கு இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுப்பா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? போட்டது அவர். மூன்றே நாளில் முளைத்து வீட்டுக்குள் நின்றது.

"தப்பு உன்னுது இல்லம்மா," என்றார். "டாக்டர்கிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

பெரியவள் எழுந்து போய்த் தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்து வந்தாள். அவர் கிழித்த பக்கம்.

"இத எதுக்கு வெச்சிருக்க?"

"இதுதானப்பா நிஜமா நடந்தது."

பள்ளி திறந்த அன்று அப்பா, போட்டிருந்த சட்டையை மாற்றி நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு அவளோடு போனார். வகுப்பு வாசலில் நோட்டுகளோடு பத்துப் பதினைந்து பெற்றோர் நின்றார்கள். டீச்சர் ஒவ்வொன்றாக வாங்கிப் புரட்டிப் பார்த்து மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். முறை வந்ததும் அப்பா நோட்டைக் கொடுத்தார், அதன்மேல் அந்தக் கசங்கிய தாளையும் வைத்தார்.

"மேடம், நோட்டுல இருக்கிறது பூராப் பொய். சொல்லிக் குடுத்து எழுத வெச்சது நான். என் பொண்ணு எழுதினது இந்த ஒரு பக்கம்தான். செடி ஒன்பதாம் நாளே செத்துப்போச்சு." மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "இதே வேலைய அவ, ஜுரத்துல கிடந்த தங்கச்சிக்கு எழுதின சீட்டுலயும் செஞ்சுட்டா. குழந்தை பொழைச்சது பெரிய விஷயம். டாக்டர் கேட்டப்போ பழிய இவ மேல போட்டுட்டு நின்னேன். அதான் இங்கயாவது சொல்லிடணும்னு வந்தேன்."

கலர் பிரிண்ட் போட்ட நோட்டை ஒருவர் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டீச்சர் தாளை நீவி, ஒன்பது நாளையும் படித்தார்.

"இதுவரைக்கும் இருபத்தாறு நோட்டு வந்திருக்கு சார். ஒரு செடிகூடச் சாகல. ஒண்ணுலகூட எறும்பு வரல, ஒண்ணுக்குக்கூட யாரும் தண்ணி ஊத்த மறக்கல. வருஷா வருஷம் இப்படித்தான். செடி வளக்கவா நான் இந்த வேலைய குடுக்குறேன்? பாத்தத பாத்த மாதிரி எழுதக் கத்துக்கணும், பாக்கலேன்னா பாக்கலேன்னு எழுதற தைரியம் வரணும். அதுக்குத்தான். 'தண்ணி ஊத்தினதாலயா'ன்னு கேட்டிருக்கா பாருங்க. இருபத்தாறு நோட்டுலயும் இல்லாத பாடம் இந்த ஒரு வரில இருக்கு. இதைத்தான் நீங்க கிழிச்சீங்க."

அப்பாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. பெரியவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல்வரை வந்தாள். அங்கே நின்று கேட்டாள்.

"அப்பா, உங்க ரெஜிஸ்டர யாருப்பா சரிபாப்பாங்க?"

அன்று அவருக்குப் பகல் ஷிஃப்ட். பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் போய்ப் பார்த்து எழுதினார். இரண்டு மணிக்கு லாரி வந்துவிட்டது, பெட்டி இறக்குவதில் மறந்துபோனது. நாலு மணிக்குப் பார்த்தார், ஐந்தரை காட்டியது. ஐந்தரை என்றே எழுதினார். பிறகு காலியாய்க் கிடந்த இரண்டு மணிக் கட்டத்தில் பேனா தானாகப் போய் நின்றது. பதினோரு வருஷப் பழக்கம். அந்தக் கட்டத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னய்யா நாலு டிகிரி, இப்படி எழுதினா மேல கேப்பாங்களே!"

"கேக்கட்டும் சார். கேக்கறதுக்குத்தானே அந்தக் கட்டம் போட்டு வெச்சிருக்கு," என்றார் அவர். "இந்தப் பாலை யார் வீட்டுக் குழந்தையோ குடிக்குது. நாம எழுதற பொய்க்கு, எங்கயோ ஒரு பிள்ளைதான் சார் ஜுரத்துல கிடக்கும். முதல்ல கம்ப்ரசர் ஆளைக் கூப்பிடுங்க, அஞ்சரை காட்டுது."