செல்லாரில் நின்ற கார்

ஹம்ஸினி ஆறு மாதம் படித்துவிட்டுத்தான் அந்தக் காரை வாங்கினாள். பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி ஓட்டத்துக்கு எடுப்பவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம், குஷாய்குடா வேகத்தடைகளின் உயரம் எத்தனை அங்குலம். டயரின் பக்கவாட்டு மெல்லியது, ஒரு பள்ளம் போதும், ரிம் வளைந்துவிடும். தார்நாக்கா நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் கியர்பெட்டி சூடேறும். உதிரி பாகம் வர மூன்று வாரம். இப்படி நாற்பத்துமூன்று குறிப்புகள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. விவாகரத்துக்குப் பிறகு நான்கு வருடமாக, சிகந்தராபாத்தை ஒட்டிய குஷாய்குடாவில் அண்ணன் விஸ்வநாத்தின் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அம்மா கல்பகத்தின் அறையில் பாதி அலமாரி. வேலை நானக்ராம்குடாவில். ஊருக்குள் போனால் முப்பது சொச்சம் கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வெளிவட்டச் சாலையில் சுற்றினால் தூரம் இரண்டு மடங்கு, நேரம் ஒரு மணி. யாரும் கேள்வி கேட்காத அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைத் தனக்குப் பிடித்த வண்டியில் கழிக்க வேண்டும் என்பதற்காகச் சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்கு வங்கிக் கடனும் வாங்கத் துணிந்திருந்தாள்.

கார் அவள் நினைத்ததுபோலவே கிடைத்தது. கருநீலம், இரண்டு கதவு, ஆறு வயது, குறைவாக ஓடியது. விற்பவர் முகவரி சைனிக்புரி. விளம்பரத்தைக் காட்டியதும் விஸ்வநாத் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இது எங்க ஆஃபீஸ் நாராயணஸ்வாமி சார்டீ. அவர் பிள்ளை மனோஜ் வண்டியா இருக்கும். அவன் டெக்ஸஸ் போய் ரெண்டு வருஷம் ஆறது."

"நல்லதாப் போச்சு. சனிக்கிழமை செக் பண்ண ஆள் புக் பண்ணியிருக்கேன். லிஃப்ட்ல ஏத்தி அடியெல்லாம் பார்ப்பா."

"சார் ஆத்துக்கா? செக் பண்ணவா? என்னை வெச்சுண்டு வெளி ஆளைக் கூட்டிண்டு போனா மனுஷன் என்ன நெனப்பார்? கேன்சல் பண்ணு. நான் பார்த்துக்கறேன்."

நோட்டை வாங்கிப் புரட்டினான். பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தை விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும் என்ற குறிப்பைப் பேனாவால் அடித்தான். "இதெல்லாம் ஊர் பேர் தெரியாதவாகிட்ட கேக்கறது."

ஹம்ஸினி ஒத்துக்கொண்டாள். அண்ணன் மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தர ஆய்வு செய்பவன். அவனைவிட நல்ல கண் எங்கே கிடைக்கும் என்று நினைத்தாள்.

அந்தக் கண்ணுக்கு ஒரு பழக்கம் இருந்தது அவளுக்குத் தெரியாது. விஸ்வநாத்தின் பிரிவில், மேலதிகாரி பச்சை மையில் சுருக்கொப்பம் போட்ட பெட்டியைக் கீழே இருப்பவர் திறப்பதில்லை. எந்த விதியிலும் அப்படி எழுதவில்லை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் விஸ்வநாத் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே மூன்று சர்க்யூட் போர்டுகளில் பற்றவைப்பு விட்டிருந்ததைக் கண்டு குறிப்பு எழுதினான். அடுத்த திங்கட்கிழமை அவனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம் திருகாணி எண்ணினான். பெட்டியில் இருந்தது நாராயணஸ்வாமியின் ஒப்பம். பிறகு அவனைப் பிரிவுக்குத் திருப்பி அழைத்தவரும் அவர்தான். அதிலிருந்து அவரிடம் அவனுக்கு இருந்தது பயமா நன்றியா என்று அவனாலேயே பிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சைனிக்புரி போனார்கள். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் நாராயணஸ்வாமி இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில், பாக்கெட்டில் பேனாவோடு வாசலுக்கு வந்தார்.

"மனோஜ் ஃப்ளாட்ல, செல்லார்ல சும்மா நின்ன வண்டிம்மா. ஓட்ட ஆளில்லே. எனக்கு இதுல உக்காந்தா எழுந்துக்க முடியலே."

அடுக்ககங்களின் தரைக்குக் கீழே உள்ள வண்டி நிறுத்தத்தை இந்த ஊரில் செல்லார் என்பார்கள். ஹம்ஸினி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து என்ஜினை எழுப்பினாள். சத்தம் மார்புக்கூட்டில் வந்து முட்டியது. அவள் சிரித்ததை விஸ்வநாத் பார்த்தான். அவள் அப்படிச் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அவன் அந்தப் பக்கக் கதவைத் திறந்து குனிந்து, இருக்கைக்கு அடியில் கையைவிட்டான். இருக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் சொரசொரத்தன. தரைவிரிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டியபோது மாவு போன்ற காய்ந்த சேறு ஒட்டிக்கொண்டது. ஆறு வயது வண்டிக்குள் வண்டல் வர ஒரே ஒரு வழிதான் உண்டு. அவன் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தான்.

நாராயணஸ்வாமி போர்ட்டிகோவில் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா விஸ்வநாத், லாட் அக்செப்டட்தானே?" என்று, பிரிவில் ஒரு பெட்டி தேறிவிட்டதா என்று கேட்கிற தோரணையிலேயே கேட்டார்.

"அக்செப்டட் சார்."

அவர் மனைவி கனகம் மாமி உள்ளேயிருந்து சிரித்தாள். "ரெண்டு பேருக்கும் இன்னும் ஆஃபீஸ் முடியலே."

ஐந்து மாதம் ஹம்ஸினி அந்தக் காரில் போய்வந்தாள். வேகத்தடைகளைக் குறுக்காக ஏறி இறங்கக் கற்றுக்கொண்டாள். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். காலனிச் சிறுமிகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்கள். கல்பகம் ஒரே ஒரு முறை ஏறி, பாதி வழியில், "தரையிலே உக்காந்துண்டு போற மாதிரி இருக்குடி, என்னை இறக்கி விட்டுடு" என்றாள். கீசரா பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறியதும் மூன்றாவது தடம் காலியாக இருக்கும். ஹம்ஸினி பாட்டுக்கூட வைப்பதில்லை.

ஜூலையில், மழை தொடங்கிய வாரம், டாஷ்போர்டு விளக்குகள் தாமாக எரிந்து அணைந்தன. மறுநாள் காலை நூறு கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் நின்றது. ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. பிரேக் மிதி கீழே போக மறுத்தது. பின்னால் சிமெண்ட் லாரி ஒன்று ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டே வந்து, கையளவு இடைவெளியில் விலகிப் போனது. இரண்டு கைகளாலும் இழுத்து, ஓரத்துத் தடுப்பில் உரசி அவள் வண்டியை நிறுத்தினாள். உதவி வண்டி வரும்வரை தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்திருந்தாள்.

மல்காஜ்கிரியில் ஜாவீத் பாய் என்ற மெக்கானிக் தரைவிரிப்பைக் கிழித்து எடுத்தார். அடியில் வண்டல் பாளமாக இருந்தது. ஒயர்களின் முனைகள் பச்சை பூத்திருந்தன. "டூபீ ஹுயீ காடி, மேடம்" என்றார். முங்கிய வண்டி. "இங்கே வரைக்கும் தண்ணி நின்னிருக்கு" என்று டாஷ்போர்டின் நடுவே விரலால் கோடு போட்டார். ஒயரிங் முழுவதையும் மாற்றினால் பாதி கார் விலை. அப்படியும் உத்தரவாதம் தர முடியாது. பிறகு இருக்கை போல்ட்டைக் காட்டி, "சீட்டுக்குக் கீழே கையை விட்டிருந்தா பச்சைப் புள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும். பார்த்து வாங்கினவர் யாரு?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த விஸ்வநாத் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதிவைத் தேடி எடுக்க ஹம்ஸினிக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு க்ளெய்ம். காரணம்: நீரில் மூழ்கியது. மனோஜ் சார்பில் கையெழுத்திட்டவர் தந்தை நாராயணஸ்வாமி.

அன்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவள் அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு நீ சீட்டுக்கு அடியிலே கையை விட்டே. விரலைத் துடைச்சே. நான் கண்ணாடியிலே பார்த்தேன். சேறு இருந்துதா?"

அவன் ஒரு போர்வையை நான்காக மடித்தான். "கொஞ்சம்."

"ஏன் சொல்லலே?"

"சார் முன்னாடியா? சார் தெரிஞ்சே தள்ளிவிடுவார்னு எப்படிடீ நெனப்பேன்? செல்லார்ல ஈரம் இருந்திருக்கும்னு நெனச்சேன்."

"நான் லாரிக்கு அடியிலே போயிருப்பேன்."

அவன் அடுத்த போர்வையைக் கொடியிலிருந்து இழுத்தான். அவள் கேட்காமலே, "பதினாலாம் தேதி இன்டர்வியூ. டி.ஜி.எம். போஸ்ட். வெளி மெம்பரா சார்தான் வரார். ரெண்டு தடவை விட்டுப் போச்சு, ஹம்ஸி. இதுதான் கடைசி சான்ஸ்" என்றான்.

அவள் துணிக்கிளிப்புகளை டப்பாவில் போட்டு மூடினாள். "நீ சண்டை போட வேண்டாம். அவரை ஒரு வார்த்தை திட்ட வேண்டாம். நாளைக்கு நான் பேசறேன். அவர் உன்னைக் கேட்டா, பார்த்ததை மட்டும் சொல்லு. வண்டியைத் திருப்பி எடுத்துப்பார். அது போதும் எனக்கு."

"சொல்றேன்."

மறுநாள் சைனிக்புரியில் நாராயணஸ்வாமி குரலை உயர்த்தவே இல்லை.

"செல்லார்ல தண்ணி வந்துதும்மா. அந்த வருஷம் ஊருக்கே வந்துது. க்ளெய்ம் வாங்கி ரிப்பேர் பண்ணியாச்சு. ரிப்பேர் ஆன வண்டிக்கு என்ன குறை?"

"அதை எங்கிட்ட சொல்லலியே சார்."

"நீ கேக்கலியே."

"கேக்க விடலை," என்று ஹம்ஸினி அண்ணனைப் பார்த்தாள்.

"பாரும்மா. ரோட்டுல போறவனுக்கு வித்திருந்தா அவன் ஏமாந்தான்னு சொல்லலாம். இது ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துட்டு எடுத்துண்டு போன வண்டி. சாவியைக் கையிலே குடுத்துட்டுத் தள்ளி நின்னேன்." அவர் திரும்பினார். "விஸ்வநாத், நீயே சொல்லு. இதைப் பார்க்காதே, அதைத் தொடாதேன்னு தடுத்தேனா?"

"இல்லை சார்."

"அன்னிக்கு உன் கண்ணுலே ஏதாவது பட்டுதா?"

கனகம் மாமி காபித் தட்டோடு கதவருகே நின்றுவிட்டாள். ஹம்ஸினி அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தாள். அவை முழங்கால்மேல் அசையாமல் இருந்தன.

"ஒண்ணும் படலை சார்."

"அவ்வளவுதான்," என்றார் நாராயணஸ்வாமி. "காபி எடுத்துக்கோங்கோ."

விஸ்வநாத் டம்ளரை எடுத்துக்கொண்டான்.

சிகந்தராபாத்தில் வேணுகோபால் என்ற வக்கீல் காகிதங்களைப் பார்த்துவிட்டு, கேஸ் இருக்கிறது என்றார். "ஆனா உங்க அண்ணா ஒரு அஃபிடவிட் குடுத்தாத்தான் நிக்கும்மா. இல்லேன்னா அவங்க முதல்ல கூப்பிடற சாட்சியே உங்க அண்ணாதான். இருபத்திரண்டு வருஷ தர ஆய்வாளர், பார்த்து ஓ.கே. பண்ணியிருக்கார்னு சொல்லுவாங்க."

ஹம்ஸினி அஃபிடவிட்டைத் தட்டச்சு செய்து அண்ணனின் மேஜையில் வைத்தாள். ஆறே வரிகள். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. அவன் அதன் பக்கத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நான்காம் நாள் காலை அவளே அதை எடுத்துக் கிழித்தாள்.

காரை ஜாவீத் பாய் மூலமாக உதிரி பாகத்துக்கு விற்றாள். முழு வண்டியாக விற்றால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று விஸ்வநாத் சொன்னான். "வாங்கறவனும் அண்ணனைக் கூட்டிண்டு வருவானே" என்றாள் அவள். வந்த பணம் வங்கிக் கடனில் பாதிக்குக்கூடப் போதவில்லை. மீதியை இன்னும் மூன்றரை வருடம் கட்ட வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் மெட்டுகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்சந்தில், ஒற்றை அறைப் போர்ஷன் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். மெட்ரோ பக்கத்தில் இருந்தது. கல்பகம் வாசலில் நின்றாள்.

"ஒரு காருக்காக ஆத்தை விட்டுப் போவாளா யாராவது? நாலு பேர் என்ன கேப்பா?"

"கார்னே சொல்லும்மா. அதுதான் சொல்றதுக்குச் சுலபம்."

அண்ணன் பீரோவைத் தூக்கிப் பிடிக்க வந்தான். அவள் தடுக்கவில்லை. கனமான பக்கம் அவனுக்கு வந்தது.

பதவி உயர்வுப் பட்டியல் செப்டம்பரில் வெளியானது. மறுநாள் காலை விஸ்வநாத் இனிப்புப் பெட்டியோடு மெட்டுகுடா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டருகே காத்திருந்தான். ஹம்ஸினி தோள்பையோடு வேகமாக வந்தாள்.

"வந்துடுத்து," என்றான். "டி.ஜி.எம்."

"கங்கிராட்ஸ் அண்ணா. சார் என்ன கேட்டார்?"

"ஒண்ணுமே கேக்கலே. இவரை எனக்கு நன்னாத் தெரியும், என் பக்கம் கேள்வி இல்லைன்னுட்டார். ஆறு நிமிஷத்துல முடிஞ்சுது."

அவள் தலையசைத்தாள்.

"இந்த கிரேடுக்குக் கார் அட்வான்ஸ் உண்டு. உனக்கு ஒண்ணு எடுத்துத் தரேன், ஹம்ஸி. சின்னதா, புதுசா. ஷோரூம் வண்டி. செக் பண்ண எதுவுமே இருக்காது."

"அதனாலதான் தைரியமாச் சொல்றே."

அவன் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஜனங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு படியேறினார்கள்.

"உங்கிட்ட நான் பொய் சொல்லலியேடீ. மொட்டைமாடியிலே கேட்டே, உள்ளதைச் சொன்னேன்."

"ஆமா. சொன்னே," என்றாள் ஹம்ஸினி. "எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே சொன்னே. எட்டு பத்து ட்ரெயின் போயிடும், வரேன்."

பெட்டியை வாங்காமலே படியேறிப் போனாள். மேலே கதவுகள் மூடப்போகும் அறிவிப்பு தெலுங்கில் ஒரு முறையும் இந்தியில் ஒரு முறையும் கேட்டது. விஸ்வநாத்துக்கு ஒன்பது மணிக்குப் புதிய அறையில் முதல் மீட்டிங் இருந்தது. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான்.